மூன்றாவது முட்டுத்தூண்: ஒரு மாதா கோயிலின் விரிசலும் திருச்சி லூர்து அன்னை ஆலயமும்

தெற்குச் சுவரில் மூன்றாவது ஜன்னலின் உச்சியில் தொடங்கி, மேலே ஏறி, கூரை வளைவின் நடுமுதுகு வரை போயிருந்தது அந்த விரிசல். தொடங்கும் இடத்தில் நூல் கனம்தான். மேலே போகப் போக ஒரு ரூபாய் நாணயத்தின் ஓரம் நுழையும். 2022 பிப்ரவரியில் அதைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மன்னார்குடிக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் மாதா கோயில் அது. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று பங்கு மக்கள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். நூறு வயது கடந்த கட்டடம். முழுக்கச் செங்கல், சுண்ணாம்பு. நுனி கூர்ந்த வளைவுகள். உள்ளே அண்ணாந்து பார்த்தால் விலா எலும்பு போல வரிகள் ஓடும் வளைவுக் கூரை. வெளியே சுவரை ஒட்டி வரிசையாக முட்டுத்தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஆள் உயரத்துக்குக் கூர்முனை. இருநூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கோயில்தான். ஆனாலும் கோதிக் என்னும் பழைய ஐரோப்பியப் பாணியில் கட்டிய பெரிய பேராலயத்தில் இருக்கும் உறுப்புகளில் முக்கால்வாசி அதில் இருந்தன.

நான் கட்டடப் பொறியாளன். இருபது வருஷமாக வீடுகளும் கல்யாண மண்டபங்களும் கட்டுகிறவன். கம்பியும் சிமெண்டும்தான் என் பழக்கம். முதல் நாள் நான் சொன்ன யோசனையை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். விரிசலுக்குள் எபாக்சி என்ற ரசாயனப் பசையைச் செலுத்தி அடைப்பது, சுவரின் தலையில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போடுவது, ஓதத்துக்கு வாட்டர்புரூஃப் கலவை சேர்த்து மறுபடி சிமெண்டு பூசுவது. மூன்றுமே தவறு. அது தவறு என்று எனக்கு எப்படிப் புரிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்பு நடந்தவை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. மன்னார்குடிப் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்த ராத்திரி அது. கோயிலின் தெற்குப் பக்கத்தில் ஒரு கூர்முனை உடைந்து விழுந்தது. அடுத்ததும் ஆடுகிறது, பிள்ளைகள் விளையாடும் இடமாயிற்றே என்று அதையும் இறக்கிவிட்டார்கள். அழகுக்கு வைத்ததுதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வீட்டுக்கூரை போனவர்களுக்குக் கோயில் கூர்முனை எங்கே ஞாபகம் வரும்?

அடுத்த வருஷத் திருவிழாவுக்கு முன்னால் புதுப்பிக்கும் வேலை நடந்தது. உள்ளேயும் வெளியேயும் தரையிலிருந்து ஐந்தடி உயரத்துக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்டு பூசி, எனாமல் பெயிண்ட் அடித்தார்கள். சுவரை ஒட்டிச் சுற்றிலும் பேவர் பிளாக் பதித்தார்கள். ஊர் கூடிப் பணம் போட்டுச் செய்த வேலை. முதல் வருஷம் பளிச்சென்று இருந்ததாம். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும், அதுவரை ஓதமே தெரியாத இடத்தில், சிமெண்டுக்கு மேலே, பூச்சு பொரிந்து உதிர ஆரம்பித்தது. நான் போனபோது ஏழடி உயரத்தில் உப்புப் பூத்திருந்தது. விரலால் தடவினால் செங்கல் மாவாகக் கொட்டியது.

விரிசல் எப்போது வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். பாட்டுக்குழுப் பெண்கள் மட்டும் திட்டமாகச் சொன்னார்கள்: 2021 ஈஸ்டர் சமயத்தில் அவர்கள் உட்காரும் பெஞ்சில் சுண்ணாம்புத் தூள் விழுந்து கிடந்தது, துடைத்தால் அடுத்த வாரமும் கிடந்தது.

என்னோடு வந்த மேஸ்திரிக்கு எழுபதை நெருங்கும் வயது. எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பு வேலை கைவந்தவர்கள் இனி அதிகம் பேர் இல்லை. அவர் அந்தச் சிலரில் ஒருவர். நான் எபாக்சி என்று சொன்னதும் அவர் தூக்குக்குண்டின் நூலைச் சுற்றிப் பைக்குள் போட்டுவிட்டார்.

"தம்பி, இது எதுனால நிக்கிதுன்னு நமக்குத் தெரியல. தெரியாம எப்புடி கை வைக்கிறது?"

"விரிசல்தானே அண்ணே, அடைச்சிடலாம்."

"இங்க அடைச்சா வேற எடத்துல விடும். ஒரு தடவ திருச்சி லூர்து மாதா கோயிலப் பாத்துட்டு வந்துருவோம். முழுசா நிக்கிறதப் பாத்தாத்தான் இதுல என்ன கொறையுதுன்னு தெரியும்."

பங்குத்தந்தையும் வருகிறேன் என்றார். மூன்று பேரும் கிளம்பினோம்.

போகிற வழியில்

தஞ்சாவூரில் மேஸ்திரி பெரிய கோயிலுக்குள் போகவேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னார். எனக்கு அப்போது காரணம் புரியவில்லை. 1010இல் ராஜராஜன் முடித்த அந்த விமானம் இருநூறு அடிக்கு மேல் உயரம். கருங்கல்லின் மேல் கருங்கல்லாக அடுக்கி, மேலே போகப் போக உள்பக்கம் நீட்டி நீட்டிச் சுருக்கியிருக்கிறார்கள். சாந்து வைத்து ஒட்டவில்லை. கல்லின் கனமே கல்லைப் பிடித்து நிறுத்துகிறது.

"பாருங்க சாமி, இங்க எதுவும் எதையும் வெளிய தள்ளல. பாரம் எல்லாம் நேரா கீழ போவுது" என்று ஃபாதரிடம் சொன்னார். "நம்ம கோயில் அப்புடி இல்ல. அது தள்ளும்."

அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு முழுவதும் எங்களுக்கு வழி காட்டியது. தூணும் உத்தரமும் வைத்துக் கட்டும்போது பாரம் செங்குத்தாக இறங்கும். வளைவு வைத்துக் கட்டினால் பாரம் இரண்டு பக்கமும் சாய்வாக இறங்கி, கால்களை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலை யாராவது வாங்கியாக வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வளைவுக் கட்டுமானத்தை வெள்ளைக்காரர்தான் டெல்டாவுக்குக் கொண்டுவந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. தஞ்சாவூர் அரண்மனையில் நாயக்கர், மராத்தியர் காலத்து செங்கல் வளைவுகள் இன்றும் நிற்கின்றன. பாபநாசம் திருப்பாலைத்துறையில், நாயக்கர் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பெரிய நெற்களஞ்சியம் இருக்கிறது. கவிழ்த்து வைத்த குதிர் போல வட்டமாக எழும் கூரை. மாதா கோயில்களைக் கட்ட வந்த குருமார்கள் படம் கொண்டுவந்தார்கள். அதைச் செங்கல்லில் நிறுத்தும் வித்தை இங்கே ஏற்கெனவே கையில் இருந்தது. எனக்கு இது பெருமையாகவே இருக்கிறது.

லூர்து அன்னை ஆலயம்

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தோம். மெயின்கார்டு கேட் பக்கம் வந்தாலே கோபுரம் தெரிந்துவிடும். கடைகளுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் மேலே எட்டுப்பட்டையாக எழுந்து, நுனி ஊசியாகி, சிலுவையில் முடிகிறது. எதிரே தெப்பக்குளம், அதற்குப் பின்னால் மலைக்கோட்டை. தாயுமானவரும் உச்சிப்பிள்ளையாரும் இருக்கும் பாறையைப் பார்த்தபடி மாதாவின் கோபுரம் நிற்கிறது. திருச்சிக்காரர்களுக்கு இது பால் வாங்கப் போகும்போது கண்ணில் படும் காட்சி. நான் அதே தெருவில் எத்தனையோ முறை துணி எடுத்திருக்கிறேன். நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சின் லூர்து ஊரில் 1858இல் பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்ததாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். அந்தக் குகைக்கு மேலே கட்டிய கோதிக் ஆலயம் 1876இல் அர்ச்சிக்கப்பட்டது. இங்கே, சேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு மாறியது. அந்தக் கல்லூரி வளாகத்தில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், லூர்து ஆலயத்தை மனத்தில் வைத்து இந்தக் கோயிலை எழுப்பினார்கள். மறைமாவட்டப் பேராலயம் என்ற பதவி இதற்கு இல்லை. ஆனால் திருச்சியில் கோதிக் என்றால் என் கண்ணுக்கு முதலில் வருவது இதுதான்.

உள்ளே நுழைந்ததும் கழுத்து தானாக மேலே போகிறது. இதற்குக் காரணம் உயரம் மட்டும் இல்லை. தரையில் தொடங்கும் ஒவ்வொரு கோடும் நிற்காமல் மேலே ஏறுகிறது. தூணின் உடம்பில் ஓடும் கோடு வளைவின் விளிம்பாகிறது, அந்த விளிம்பு உச்சிக்குப் போய் எதிர்ப்பக்கத்துக் கோட்டைச் சந்திக்கிறது. கண் எங்கேயும் தங்க முடிவதில்லை. கல்யாண மண்டபத்தில் நாங்கள் போடும் ஃபால்ஸ் சீலிங் கண்ணை அமுக்கி உட்காரவைக்கும். இது எழுப்பி அனுப்புகிறது. முதல் பத்து நிமிஷம் மூன்று பேரும் எதுவும் பேசவில்லை.

அப்புறம் மேஸ்திரி பாடம் நடத்தினார். வளைவு ஏன் உச்சியில் கூர்மையாக இருக்கிறது என்று ஃபாதர் கேட்டார். அரைவட்டமாக வைத்தால் என்ன?

"ஏணிய நெனச்சுக்கோங்க சாமி. படுக்க சாச்சு வச்சா ஏறும்போது கால் வெளிய வழுக்கும். நெட்டுக்குத்தா வச்சா வழுக்காது. அரைவட்டம் படுத்த ஏணி. இது நெட்டுக்குத்து ஏணி."

கல்லூரியில் இரண்டு பருவம் படித்த விசைப் பாடம் இதற்குள் இருக்கிறது. வளைவு எவ்வளவு கூர்ந்து உயர்கிறதோ, பக்கவாட்டுத் தள்ளல் அவ்வளவு குறையும். குறையுமே தவிர இல்லாமல் போகாது. மிச்சமுள்ள தள்ளலை வாங்கத்தான் வெளியே முட்டுத்தூண். கூரையின் வரிகள் பாரத்தைத் திரட்டிச் சில புள்ளிகளில் மட்டும் இறக்குகின்றன. அந்தப் புள்ளிகளுக்கு நேராக முட்டு கொடுத்துவிட்டால், இடையில் உள்ள சுவருக்குச் சுமக்க வேண்டியது அதிகம் இல்லை. எனவே அங்கே சுவரைத் திறந்து கண்ணாடி வைக்கலாம். பாரீஸுக்குப் பக்கத்தில் சான் தெனி மடத்து ஆலயத்தின் பீடப் பகுதியை 1144இல் அர்ச்சித்தபோது, மடாதிபதி சுஜேருக்கு வேண்டியிருந்தது அந்த வெளிச்சம்தான். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் முடிந்து அப்போது நூற்று முப்பது வருஷம் ஆகியிருந்தது. இரண்டு இடத்திலும் உயரத்தைத் தேடியிருக்கிறார்கள். பாரத்தை இறக்கிய வழிதான் வேறு.

சாயங்காலம் நெருங்கும்போது வண்ணக்கண்ணாடி வேலை செய்யத் தொடங்கியது. அதுவரை கறுத்துக் கிடந்த சிவப்பும் நீலமும் சட்டென்று எரிந்தன. தரையில் நிறம் விழுந்து, ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் முந்தானை மேல் மெல்ல நகர்ந்து போனது. நம் ஊர் வெயில் பிரான்சில் கிடைக்காது. இந்தக் கண்ணாடிகளுக்கு இங்கே இன்னும் உக்கிரமான வெளிச்சம் வாய்த்திருக்கிறது என்பது என் எண்ணம்.

வெளியே வந்து சுற்றினோம். மேஸ்திரி ஒவ்வொரு முட்டுத்தூணையும் கையால் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்று மேலே காட்டினார். மேல்நோக்கி எழும் சிறிய கூர்முனைகள்.

"இது எதுக்குன்னு நெனைக்கிறீங்க தம்பி?"

"அலங்காரம்."

"ஏணில ஒருத்தன் ஏறும்போது, கீழ ஒருத்தன் ஏணிக் கால மிதிச்சுக்கிட்டு நிப்பான்ல? அவன்தான் இது."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. முட்டுத்தூணின் தலையில் கனம் வைத்தால், பக்கவாட்டில் வரும் தள்ளல் அந்தக் கனத்தோடு சேர்ந்து கீழ்நோக்கித் திரும்பி, தூணின் பாதத்துக்குள்ளேயே இறங்கும். கனத்தை எடுத்துவிட்டால் தள்ளல் பாதத்தின் வெளிவிளிம்பை நோக்கிப் போகும். கஜாவுக்கு அப்புறம் தெற்குப் பக்கத்தில் இரண்டு கூர்முனைகள் இல்லை. விரிசலும் தெற்கில்தான்.

ஃபாதரும் அதையேதான் நினைத்திருக்கிறார் போல. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் தஞ்சாவூர் வரை பேசவில்லை. கோதிக் பிறந்த நாட்டிலேயே இந்தக் கணக்கு பிசகியிருக்கிறது என்று நான் அவரிடம் சொன்னேன். பொவே நகரப் பேராலயத்தின் பீடப்பகுதிக் கூரை, அன்றைக்கு எந்தப் பேராலயமும் எட்டாத உயரத்துக்குப் போய், 1284இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மறுபடி கட்டும்போது இடையிடையே கூடுதல் தூண்கள் வைத்தார்கள்.

திரும்பி வந்து எண்ணியது

மறுநாள் காலையே எங்கள் கோயிலைச் சுற்றினோம். தெற்கில் ஆறு முட்டுத்தூண்கள். கூர்முனை இல்லாதவை மூன்றும் நான்கும். மூன்றாவதை அளந்தபோது இன்னொன்று தெரிந்தது. மற்ற ஐந்தும் அடியில் மூன்றடிக்கு மேல் நீண்டிருக்க, இது மட்டும் ஒன்றரை அடி குறைவு. விளிம்பை ஒழுங்காகப் பூசியிருந்ததால் கண்ணுக்குப் படவில்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைக் கேட்டோம். பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: அவர் சின்னப் பையனாக இருந்தபோது, திருவிழாவில் தேர் திரும்பும்போது அந்தத் தூணில் இடித்துக்கொண்டே இருந்ததாம். அதனால் அடியைக் கொஞ்சம் செதுக்கிவிட்டார்கள். கூர்முனை மேலே இருந்தவரை, செதுக்கிய பாதமும் எப்படியோ தாங்கியிருக்கிறது. அதுவும் போனபிறகு தாங்கவில்லை.

இது ஊகம்தான், உறுதி செய்ய வேண்டும் என்று நினைத்தேன். விரிசலின் குறுக்கே மூன்று இடங்களில் மெல்லிய கண்ணாடிச் சில்லுகளைச் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டி, தேதி எழுதினோம். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். மார்ச்சில் ஒட்டியது. மே மாதம், களிமண் நிலம் வெடித்துக் கிடந்த நாட்களில், மேல் சில்லு இரண்டாக உடைந்தது. அந்த வருஷம் மேட்டூர் வழக்கமான ஜூன் 12க்கு முன்பே, மே 24ஆம் தேதியே திறந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்து மண் ஊறியபிறகு மற்ற இரண்டும் உடையவில்லை. கோடையில் மண் சுருங்கும்போது குறைபட்ட பாதம் வெளியே சாய்கிறது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொண்டோம். எபாக்சி போட்டு விரிசலை மட்டும் இறுக்கியிருந்தால், அடுத்த கோடையில் பக்கத்துச் செங்கல் பிளந்திருக்கும்.

ஓதத்தின் கதை இதைவிட எளிது. அந்தக் காலச் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றில் போய்விடும். சிமெண்டும் எனாமலும் அந்த வழியை அடைத்தன. பேவர் பிளாக் தரையின் வழியையும் அடைத்தது. போக இடமில்லாத ஈரம் மேலே ஏறியது, உப்பையும் கூட்டிக்கொண்டு. போதாததற்கு, தெருவைப் போட்டுப் போட்டு உயர்த்தியதில் கோயிலின் ஐந்து படிகளில் இரண்டு மண்ணுக்குள் போயிருந்தன. மழைத் தண்ணீர் சுவரை நோக்கி வடிந்தது.

செய்த வேலை

2023 தை மாதம் தொடங்கினோம். முதலில் உள்ளே சவுக்குக் கம்பால் சாரம் கட்டி வளைவுக்கு முட்டுக் கொடுத்தோம். மூன்றாவது தூணின் அடியைத் தோண்டினால், பழைய அஸ்திவாரம் முழு நீளத்துக்கும் அப்படியே இருந்தது. செதுக்கியது தரைக்கு மேலே மட்டும்தான். அதைப் பார்த்ததும் மேஸ்திரி கும்பிட்டார். கட்டியவர்கள் விட்டுப்போன அளவு கையில் கிடைத்துவிட்டது. அந்த அளவுக்கே, பழைய கட்டுக்குள் பல் விட்டு, சுண்ணாம்புச் சாந்தில் புதுச் செங்கல் ஏற்றினோம். அவசரப்படவில்லை. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், நாளைக்குச் சில வரிசைகளுக்கு மேல் கட்ட அவர் விடவில்லை.

சிமெண்டுப் பூச்சை எடுப்பதுதான் வலித்தது. சிமெண்டோடு செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது. உளியைச் சாய்த்துப் பிடித்து, கையகலம் கையகலமாக எடுத்தார்கள். பேவர் பிளாக்கைச் சுவரிலிருந்து மூன்றடிக்கு அகற்றி, மண்ணை வெட்டி, புதைந்த படிகளை வெளிக்கொணர்ந்து, ஜல்லி நிரப்பி, குளத்தை நோக்கி வாட்டம் கொடுத்தோம். சுவரை ஒரு மழைக்காலம் பூச்சில்லாமல் விட்டோம். ஊரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. திருவிழாவில் கோயில் அம்மணமாக நிற்பதா என்று கேட்டார்கள். ஃபாதர் பூசையில் எழுந்து, இது வைத்தியத்தில் இருக்கும் உடம்பு என்று சொல்லி அமர்த்தினார்.

அடுத்த தையில் பூச்சு. மாதக்கணக்கில் தொட்டியில் ஊறிய சுண்ணாம்பு, ஆற்றுமணல், செங்கல்தூள், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர். மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரச்சாக்கு போர்த்திக் காயவைத்தோம். விரிசலுக்குள்ளும் சுண்ணாம்புக் குழம்புதான் செலுத்தினோம். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும், பெயிண்ட் இல்லை.

முழு வெற்றி என்று எழுத மாட்டேன். வடக்குப் பக்கம் மூலையில் இன்னும் உப்புப் பூக்கிறது. அங்கே பூச்சு சில வருஷத்துக்கு ஒருமுறை உதிரும், மறுபடி பூச வேண்டியிருக்கும். செங்கல்லுக்குப் பதில் பூச்சு உதிர்கிறதே என்பதுதான் எனக்கு ஆறுதல். ஆனால் விரிசலில் புதிதாக ஒட்டிய மூன்று கண்ணாடிச் சில்லுகளும் உடையவில்லை. 2024இல் மேட்டூர் திறக்க ஜூலை 28 ஆகிவிட்டது. வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்த நீண்ட கோடையில், வாரம் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். தேதி எழுதிய மசி மங்கியிருந்தது, கண்ணாடி முழுசாக இருந்தது.

கஜாவில் விழுந்த கூர்முனையின் துண்டுகளைக் கோயில்பிள்ளை தூக்கிப்போடாமல் வேப்பமரத்தடியில் அடுக்கி வைத்திருந்தார். அவற்றைச் சேர்த்து வைத்து அளவெடுத்து, மூன்றாவது தூணின் தலையில் புதிதாக ஒன்றை ஏற்றிவிட்டோம். நான்காவது தூணுக்கு இன்னும் ஏற்றவில்லை. அதற்கான சுண்ணாம்பு இப்போது தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. தை பிறந்ததும் சாரம் கட்டுகிறோம்.